ரத்து செய்யப்பட்ட இருபது ஆண்டுகள்

1973 ஜூலை தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 122ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் சண்டை கிடையாது. காதலி க்வென் ஸ்டேசியைப் பறிகொடுத்த பீட்டர் பார்க்கர் வீடு திரும்புகிறான். மேரி ஜேன் அங்கே காத்திருக்கிறாள். அதுவரை கதையில் ஆட்டமும் பாட்டமுமாகத் திரிந்த பெண் அவள். எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதவள் என்று பெயர். ஆறுதல் சொல்ல வந்தவள்மீது பீட்டர் எரிந்து விழுகிறான், போய்விடு என்கிறான். அழுதபடி அவள் வாசல்வரை போகிறாள். கதவில் கை வைத்தவள் அப்படியே நிற்கிறாள். பிறகு கதவைச் சாத்துகிறாள், உள்பக்கமாக. கதவு சாத்தும் சிறு ஓசையோடு இதழ் முடிகிறது.

எழுதிய ஜெரி கான்வேக்கு அப்போது 20 வயது. வரைந்தவர் கில் கேன். வசனமே இல்லாத அந்தச் சில கட்டங்களில் மேரி ஜேன் வேறொரு ஆளாகிவிட்டாள். சாத்திய அந்தக் கதவுக்குப் பின்னால் முளைவிட்ட உறவுதான் 14 ஆண்டு கழித்துக் கல்யாணத்தில் வந்து நின்றது. 1987 ஜூன் 5ஆம் தேதி நியூயார்க்கின் ஷே மைதானத்தில், நடிகர்களை மணமக்களாக நிறுத்தி, ஸ்பைடர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே முன்னின்று அந்தத் திருமணத்தை நடத்திவைத்தார். மேரி ஜேனின் மண உடையை வடிவமைத்துக் கொடுத்தவர் வில்லி ஸ்மித் என்கிற நிஜமான ஆடை வடிவமைப்பாளர். அந்த ஆண்டின் சிறப்பிதழிலும், செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த ஸ்பைடர்மேன் தினத்தொடரிலும் கல்யாணம் நடந்தது.

20 ஆண்டு அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள். 2007 டிசம்பர் கடைசியில், அந்தத் திருமணம் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது.

'ஒன் மோர் டே' என்று அந்தக் கதைக்குப் பெயர், நான்கு பகுதிகள். அதற்கு முந்தைய 'சிவில் வார்' கதையில் பீட்டர் ஊரறிய முகமூடியைக் கழற்றியிருந்தான். அதன் விளைவாக எதிரிகள் அவனுக்கு வைத்த குறி, அவனை வளர்த்து ஆளாக்கிய பெரியம்மா மேயின்மீது பாய்கிறது. மருத்துவம் கைவிரிக்கிறது. மெஃபிஸ்டோ என்கிற சாத்தான் வந்து பேரம் பேசுகிறான்: பெரியம்மாவின் உயிரைத் தருகிறேன், பதிலுக்கு உன் ஆன்மா எனக்கு வேண்டாம், உங்கள் இருவரின் திருமணத்தைக் கொடு. இருவரும் சம்மதிக்கிறார்கள். கதையின் நடுவே பீட்டர் சந்தித்த சிவந்த கூந்தல் சிறுமி யாரென்பதைச் சாத்தான் கடைசியில்தான் சொல்கிறான். இனிமேல் பிறக்கவே போகாத அவர்களுடைய மகள் அவள். விடிந்ததும் பீட்டர் பெரியம்மா வீட்டில் தனியாளாகக் கண் விழிக்கிறான். கல்யாணம் என்ற ஒன்று நடந்ததாக உலகத்தில் யாருக்கும் நினைவில்லை.

எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கிக்கே இந்த முடிவில் உடன்பாடில்லை. கடைசி இரண்டு பகுதிகளிலிருந்து தன் பெயரை எடுத்துவிட நினைத்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார். வரைந்தவர் ஜோ கெசாடா, அப்போது ஸ்பைடர்மேன் இதழ்களை வெளியிடும் மார்வெல் பதிப்பகத்தின் தலைமை ஆசிரியர். முடிவெடுத்த கையே படத்தையும் வரைந்தது. அவருடைய வாதம் எளிமையானது: கல்யாணம் பீட்டருக்கு வயதேற்றிவிட்டது, விவாகரத்து செய்தால் இன்னும் வயது கூடும், மனைவி இறந்தாலும் அப்படியே, ஆகவே நடக்காததாக்குவது ஒன்றே வழி.

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாசகர்களின் கோபம் என்று பேச்செடுத்தாலே ஒரு விளக்கம் தயாராக வந்து நிற்கும். இவர்களுக்கு மாற்றமே ஆகாது, சின்ன வயதில் படித்தது அப்படியே இருந்தாக வேண்டும் என்பார்கள். ஸ்பைடர்மேனின் வரலாற்றை வரிசையாகப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1962இல் 12 சென்ட் விலையில் வந்த இதழில் பீட்டர் பள்ளிக்கூடப் பையன். 1965இல் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போனான். 1978இல் பட்டப்படிப்பை முடித்தான். காதலித்தான், இழந்தான், மறுபடி காதலித்தான், மணந்தான். இத்தனை மாற்றத்தையும் வாசகர்கள் கூடவே வந்து ஏற்றுக்கொண்டார்கள். 1960களின் பிற்பகுதியில் இதழ் ஒன்றுக்குச் சராசரியாக மூன்றரை லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது, அந்தப் பையன் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான். வளரும் கதாநாயகன் என்பதே ஸ்பைடர்மேனின் புதுமை. சூப்பர்மேனுக்கு வாடகை பாக்கி கிடையாது, பீட்டருக்கு உண்டு.

க்வென் செத்தபோதும் கோபம் வந்தது, உண்மைதான். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கல்லூரிகளில் பேசப் போன இடத்திலெல்லாம் ஸ்டான் லீயை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவர் கான்வேயிடம் கேட்க, கான்வே ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தார்: க்வென் திரும்பவில்லை, அவளுடைய நகல் ஒன்று வந்தது. 1975இல் அந்தக் கதை முடியும்போது நகல் க்வென் தன் வழியைத் தேடிக்கொண்டு போய்விடுகிறாள். பீட்டருக்கும் ஒரு நகல் உண்டாகி, அந்தக் கதையிலேயே செத்துப்போகிறது. செத்தவள் செத்தவளாகவே இருந்தாள். வாசகர்களின் கோபம் மெல்ல மெல்லத் துக்கமாகக் கனிந்தது. க்வென் பாலத்தில் உயிரிழந்த அந்தக் காட்சியை அமெரிக்க காமிக்ஸின் மகத்தான தருணங்களுள் ஒன்றாக இன்று கொண்டாடுகிறவர்களில் அன்று திட்டிக் கடிதம் எழுதியவர்களும் இருக்கக்கூடும். கதை தான் செய்த காரியத்தை மறுக்காமல் நின்றது; அதனால் வாசகனும் அதோடு நிற்க முடிந்தது.

ஆனால் 1975இன் அந்த நகல்தான் பின்னால் பெரிய வினையாக வந்தது. 1994இல் அதைத் தோண்டியெடுத்தார்கள். செத்ததாக நினைத்த பீட்டரின் நகல் பென் ரைலி என்ற பெயரில் திரும்பி வருகிறான். அடுத்த ஆண்டு, அவனே அசல், இத்தனை நாள் நாம் படித்துவந்த பீட்டர்தான் நகல் என்று அறிவிக்கிறார்கள். அப்படியானால் 20 ஆண்டு வாசகன் யாரைப் படித்தான்? பட்டம் வாங்கியவன் யார், மேரி ஜேனின் கைப்பிடித்தவன் யார்? 1996 முடிவதற்குள் அந்தத் தீர்ப்பும் திரும்பியது: பீட்டரே அசல், ரைலி நகல், செத்துப்போகிறான். இந்த இழுபறிக்கு நடுவே மேரி ஜேனுக்குக் குழந்தை இறந்தே பிறந்ததாகக் காட்டப்பட்டது. பீட்டர் தந்தையாவதற்கான வழியும் அத்தோடு அடைபட்டது.

வாசகர்களின் மனக்கசப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. அவர்கள் எதிர்ப்பது மாற்றத்தையல்ல. நடந்ததை முன்தேதியிட்டு ரத்து செய்வதை. மாற்றம் கதையை முன்னே நகர்த்துகிறது. ரத்து, வாசகன் கொடுத்த ஆண்டுகளுக்குள் கையை விட்டுத் துழாவுகிறது. 1987இல் 15 வயதில் அந்தக் கல்யாண இதழை வாங்கியவனுக்கு 2007இல் 35 வயது. அவனும் இதற்குள் மணம் முடித்து, வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பகுதியைப் படித்திருக்கலாம். குடும்பம் என்பது இளமையைக் கெடுக்கும் தடை, அதைச் சாத்தானுக்குக் கொடுத்தாவது தொலைக்க வேண்டும் என்று தன் ஆதர்ச நாயகனே அவனிடம் சொன்ன மாதிரி ஆயிற்று. அந்தக் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிப்பகம் ஏன் இப்படிச் செய்கிறது? பீட்டர் பார்க்கர் ஒரு பக்கம் கதாபாத்திரம், இன்னொரு பக்கம் சொத்து. டிஸ்னி 2009இல் சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியபோது வாங்கியது காகிதத்தையா? திரைப்படமும் பொம்மையும் பள்ளிக்கூடப் பையும் ஈட்டித் தரும் பணத்துக்கு முன்னால் மாத இதழ் விற்பனை சொற்பம். பையில் அச்சாகும் முகத்துக்கு நரை விழக் கூடாது. அதே நேரம், ஒன்றுமே நடக்காத கதையை மாதாமாதம் யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஆகவே மாறுவதுபோல் தெரிய வேண்டும், மாறக் கூடாது. மார்வெல் வட்டாரத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் கோட்பாடு இது. ஸ்டான் லீயின் பெயரில் வழங்குவது. எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் பாத்திரங்கள்மேல் உரிமை இல்லை. ஸ்ட்ராசின்ஸ்கி போன்ற புகழ்பெற்ற ஒருவராலேயே கதையைத் தடுக்க முடியாமல், தன் பெயரை மட்டும் விலக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது அதனால்தான்.

புதிய வாசகனுக்கு இளம் பீட்டர் வேண்டாமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. 15 வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீட்டர்தான் நெருக்கம். ஆனால் அந்தக் கேள்விக்கு 2000லேயே மார்வெல் நல்ல விடை கண்டிருந்தது. பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, மார்க் பேக்லி வரைந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தனி உலகத்தில் புதிதாகத் தொடங்கி, புதுக் காலத்துப் பள்ளி மாணவனாக பீட்டரைக் காட்டி, பெரும் வெற்றி பெற்றது. மூத்தவன் ஒரு தொடரில் கணவனாக வளரலாம், இளையவன் இன்னொன்றில் பரீட்சைக்குப் படிக்கலாம். இடம் இருந்தும் மூத்தவனின் வீட்டை இடித்தார்கள் என்பதே வாசகர்களின் முறையீடு. ரத்துக்குப் பிறகு வந்த கதைகளில் அருமையானவை உண்டு. டான் ஸ்லாட் எழுத மார்கோஸ் மார்ட்டின் வரைந்த பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நல்ல கதைகள் வந்ததால் காயம் ஆறிவிடவில்லை. அந்தக் கதைகளை எழுதக் கல்யாணத்தை அழித்திருக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது.

இன்னொரு காரணம் கடையில் இருக்கிறது. 1970களில் ஃபில் சூலிங் தொடங்கிவைத்த முறைப்படி, காமிக்ஸ் கடைக்காரர் கூடுதல் கழிவில் இதழ்களை வாங்குகிறார். விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டு மூன்று மாதம் முன்பே, இதழைப் பார்க்காமலேயே, எத்தனை பிரதி என்று சொல்லியாக வேண்டும். அவர் கண்ணை இழுக்க ஆரவாரம் தேவை: ஒரு மரணம், ஒரு கல்யாணம், அட்டையில் '1' என்ற எண். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 1963இலிருந்து 1998வரை ஒரே வரிசையாக 441 இதழ்கள் ஓடியது. அதன் பிறகு 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று ஆறு முறை புதிய முதல் இதழ் வந்திருக்கிறது. ஏறுமுகமான எண் என்பது வாசகனோடு செய்த உடன்பாடு, நேற்றின் தொடர்ச்சியாகத்தான் இன்று வருகிறது என்பதற்கு அத்தாட்சி. அதை அடிக்கடி அழித்து எழுதும்போது, நேற்றைச் சேர்த்துவைத்திருப்பவன் ஏமாளி என்று கடையே சொல்வதுபோல் இருக்கிறது.

2018 ஜூலையில் டிசி நிறுவனத்தின் 'பேட்மேன்' 50ஆம் இதழில் இதே நோய் வேறு உருவில் வந்தது. பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் கல்யாணம் என்று மாதக்கணக்கில் முழங்கினார்கள். கடைகள் சிறப்பு அட்டைகளை அள்ளி வாங்கின, கல்யாண விருந்து ஏற்பாடு செய்தன. இதழ் கடைக்கு வருமுன்பே, மணப்பெண் வரவில்லை என்ற முடிவை 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டுவிட்டது. கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கியதைத் திருப்பி அனுப்ப முடியாத கடைக்காரர்களின் நிலைமை எப்படி இருந்திருக்கும்! வாசகனைவிட அன்று அடிபட்டவர்கள் அவர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். சூப்பர்ஹீரோ காமிக்ஸ்மீதான கோபம் என்ற பெயரில் வேறொன்றும் சேர்ந்து உலவுகிறது. 2011இல் புதிய ஸ்பைடர்மேனாக வந்த கறுப்பின, லத்தீன் வம்சத்துச் சிறுவன் மைல்ஸ் மொராலெஸும், 2014இல் தனித் தொடர் கண்ட பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண் கமலா கானும் வந்ததே பிழை என்கிற குரல் அது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மைல்ஸ் யாருடைய 20 ஆண்டையும் அழிக்கவில்லை. தன் கதையோடு வந்தான், வாசகர்கள் மனமார ஏற்றார்கள். கமலாவின் வாசகர்களுக்கும் நாம் பேசும் வேதனை நேர்ந்திருக்கிறது. 2023 மே மாதம் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 26ஆம் இதழில், தன் சொந்தத் தொடரில் அல்லாமல் அடுத்தவர் கதையில் துணைப் பாத்திரமாக, அவளைக் கொன்றார்கள். அடுத்த சில மாதங்களிலேயே உயிரோடு எழுப்பினார்கள். அவளோடு வளர்ந்த பெண்பிள்ளைகள் அந்த இதழை வைத்துக்கொண்டு அழுவதா, சாவே பொய் என்று தள்ளுவதா என்று தெரியாமல் நின்றார்கள். மரணத்துக்கே மதிப்பில்லாத இடத்தில் வாழ்வுக்கு எங்கிருந்து மதிப்பு வரும்?

'அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரின் 2022 தொடக்கமும் பழைய புண்ணைத்தான் கீறியது. நிக் ஸ்பென்சர் 2018இல் பீட்டரையும் மேரி ஜேனையும் மறுபடி காதலர்களாகச் சேர்த்திருந்தார். ஸெப் வெல்ஸ் எழுதிய புதிய முதல் இதழில் அவள் பால் என்கிற வேறொருவனோடு, தன்னை அம்மா என்று அழைக்கும் இரண்டு குழந்தைகளோடு வாழ்கிறாள். என்ன நடந்தது என்பதை ஓராண்டு இழுத்தடித்துச் சொன்னார்கள். கடைசியில் அந்தக் குழந்தைகளே மாயத்தில் தோன்றியவர்கள் என்று காட்டி மறைய வைத்தார்கள். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அந்தக் குழந்தைகளையாவது விட்டுவைத்திருக்கலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் திருமணத்தை மார்வெல் முழுதாகக் கைவிடவும் இல்லை. பிரதான வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளை வீடுகளில் குடிவைத்தது. டாம் டிஃபால்கோவும் ரான் ஃப்ரென்ஸும் படைத்த 'ஸ்பைடர்-கேர்ள்', பீட்டர்–மேரி ஜேன் மகள் மே வளர்ந்து நாயகியாகும் மாற்று உலகக் கதை. 1998இல் தொடங்கிய அதை நிறுத்தப் போவதாகப் பல முறை அறிவித்தார்கள், வாசகர்களின் வற்புறுத்தலால் மீண்டும் மீண்டும் பிழைத்து 100 இதழ்களைத் தொட்டது. 2015இல் 'ரினியூ யுவர் வௌஸ்' என்று இன்னொரு மாற்று உலகம். 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரைய, அதே 'அல்டிமேட்' என்ற பெயரில் புதியதொரு ஸ்பைடர்மேன் வந்தான். முப்பதுகளின் நடுவில் இருக்கும் பீட்டர், மனைவி மேரி ஜேன், ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். சக்தி கிடைப்பதே அந்த வயதில்தான். முதல் இதழ் மறுபதிப்புக்குமேல் மறுபதிப்பு கண்டது. 2000இல் இளைஞனுக்காகத் திறந்த அதே மாற்று வாசல் வழியாகவே குடும்பஸ்தன் உள்ளே வர வேண்டியிருந்தது. கல்யாணமான ஸ்பைடர்மேன் விற்காது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எதுவும் தேவையில்லை.

ராணி காமிக்ஸில் மாயாவியாக வந்த முகமூடி வீரரைப் படித்தவர்களுக்கு ஒரு ஒப்பீடு உடனே தோன்றும். லீ ஃபாக் 1936இல் படைத்த அந்த நாயகனுக்கும் டயானாவுக்கும் 1977இல் கல்யாணம் நடந்தது. இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். யாரும் அதை அழிக்கவில்லை, கதையும் கெடவில்லை. அவர் 21ஆவது தலைமுறை என்பது கதையின் அடித்தளம். அப்பாவுக்குப் பின் பிள்ளை முகமூடி அணிவது மரபு. ஆகவே மூப்பு அந்தக் கதைக்குப் பகையாகாது, குழந்தைதான் கதையின் தொடர்ச்சி. ஸ்பைடர்மேனுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆனால் செய்துகொள்ள முடியாததும் அல்ல. மைல்ஸும் மகள் மேயும் அதற்கு வழி காட்டிவிட்டார்கள்.

செய்தித்தாள் தொடரின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1977 ஜனவரியில் ஸ்டான் லீயும் ஜான் ரொமிட்டாவும் தொடங்கிய தொடர் அது. காமிக்ஸ் கடைப் பக்கமே போகாத, காலைக் காப்பியோடு மூன்று கட்டம் படிக்கிற மனிதர்கள் அதன் வாசகர்கள். 2009 ஜனவரி 1ஆம் தேதி, மாத இதழின் வழியில் அந்தத் தொடரும் சட்டென்று மாறியது. பீட்டர் மறுபடி கல்லூரி மாணவன், மணமாகாதவன். மேரி ஜேன் மனைவி என்ற பேச்சே இல்லை. வாசகர்கள் ஏற்கவில்லை. மே மாதம் ஒருநாள் பீட்டர் கண் விழிக்கிறான். இத்தனை நாள் கண்டதெல்லாம் கனவு; மேரி ஜேன் அவன் மனைவியாகவே இருக்கிறாள். 2019இல் புதிய கதைகள் வருவது நிற்கும்வரை, இன்னும் பத்தாண்டு, அந்த மூன்று கட்டங்களுக்குள் அவர்கள் கணவன் மனைவியாகவே இருந்தார்கள்.